போடி மலைச்சாரலும் இரண்டு இலவும்

போடிநாயக்கனூரை அடுத்த ஏலமலைச் சரிவுகளில் இலவந் தோப்புக்கள் மிகுதி. இலையுதிர்த்து வறுங்கிளையோடு நின்று, வேனிலிற் காய் முற்றிப் பஞ்சளிக்கும் இம்மரத்தையே சங்கச் சான்றோர் பாடினரென்று யாம் நெடுங்காலம் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லி வந்தோம். அது பிழையென்பதை அவ்வூர்த் தோப்புக்காரர் ஒருவரால் உணர்ந்தோம்.

அகநானூற்றின் 11ஆம் பாட்டில் ஔவையார், இலையின்றி மலர்ந்த இலவத்திற்கு மகளிர் ஆயம் எடுத்த விளக்கின் நெடிய ஒழுங்கை உவமை கூறினார். இதனை யாம் எடுத்துரைத்தபோது அவர், "ஐயா, எங்கள் மரத்தின் பூ வெளுப்பாயிற்றே, விளக்குச் சுடரை எப்படி ஒக்கும்?" என வினவினார். விடையறியாது நின்றோம்.

ஆராய்ந்தவழி இலவு இரண்டென்பது விளங்கிற்று. ஒன்று நம் நாட்டுத் தொன்மரமாகிய முள்ளிலவு. செந்நிறப் பெருமலருடைய இதனையே வடநூலார் சான்மலி என்பர். புராணங்கூறும் ஏழு தீவுகளுள் ஒன்று இதனாற் பெயர்பெற்றது. ஔவையார் கண்டதும் இதுவே. மற்றையது அமெரிக்க வெப்பநாடுகளைத் தாயகமாகக் கொண்ட வெள்ளிலவு. மலையாள நாட்டு மரஞ்செடிகளைப் பற்றி ஒல்லாந்தர் பதிப்பித்த 'ஓர்த்துசு மலபாரிக்குசு' என்னும் நூலின் 3ஆம் தொகுதி 1682இல் வெளிவந்தது. அஃது இவ்விரண்டையும் வெவ்வேறு பெயரும் படமுந் தந்து காட்டுகின்றது. ஆகவே, மலைக்கு மேல்பால் வெள்ளிலவு 300 ஆண்டுகட்கு முன்னரே வேரூன்றியிருந்தது. தமிழர் அதற்கும் பழம்பெயரையே வழங்கினர். யாமோ பெயரொப்புமையால் மயங்கினோம்.

வெள்ளிலவின் பஞ்சிழை உள்ளே துளையுடையது. மேலே மெழுகுப் பூச்சுடையது. ஆதலின் நீர் ஏறாது மிதக்கும். வழுக்குந் தன்மையால் நூற்றற்கு எளிதிற் படாது. மெத்தைக்கும் தலையணைக்கும் பெரிதும் உதவும். இலவு காத்த கிளி ஏமாந்தது என்பது பழமொழி. ஆயினும் அப்பஞ்சினுள் விதையுண்டு. அதில் எண்ணெய் எடுப்பர். சாவகத்தார் அவ்விதையை உணவாகவுங் கொள்வர். கிளி கைவிட்டதனுள்ளும் உணவு இருந்தது!

காண்டல், கருதல், உரை என அளவை மூன்று வகுத்தனர் நம் பெரியோர். உரையைக் கற்ற யாம் அதனைக் காட்சியோடு பொருத்திப் பார்த்திலேம். பெயர் ஒன்றாதல் பற்றிப் பொருளும் ஒன்றெனத் துணிதல் திரிபுணர்ச்சியேயாம். ஏட்டில் இலவைக் கற்பிக்கும் அன்பர்கள், ஒருமுறையேனும் பூத்த மரத்தின்கீழ் நின்று அண்ணாந்து நோக்குவாராக. எமக்கு அதனைக் கற்பித்த அத்தோப்புக்காரர்க்கு எம் வணக்கம் உரித்தாகுக.