செட்டிநாட்டில் கடின நீர்
கால்சியம், மக்னீசிய உப்புகள் மிகுந்த நீர் கடின நீர். அதில் பருப்பு எளிதில் வேகாது, சோப்பு நுரைக்காது, ஹீட்டரில் வெள்ளைப் படிவம் ஏறும். இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது, வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை.

கடின நீருக்கு மாற்றாக, செட்டிநாட்டின் காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் வீடுகள் கண்ட வழி அருமையானது. ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் இறங்கும் மழைநீரை அண்டாக்களில் பிடித்துச் சேமித்தார்கள். மண்ணில் ஊறாத நீர் என்பதால் அதில் உப்பு ஏறுவதில்லை. ஓட்டுத் தூசியைக் கழுவும் முதல் மழையை விட்டுவிட வேண்டும். ஊருக்குப் பொதுவாக, மழைநீர் தேங்கும் ஊருணி.

மற்ற வழிகளுக்கு எல்லை உண்டு. தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், கடினத்தை நீக்காது. கொதிக்கவைத்தால் பைகார்பனேட்டால் வந்த கடினம் மட்டும் படிந்து நீங்கும்; சல்பேட், குளோரைடால் வந்தது அப்படியே இருக்கும்.