கூத்தும் குணப்படுத்தலும்: அகுஸ்தோ போவாலின் அயல்நாட்டு ஆண்டுகள்

அகப்பொருட் பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் வெறியாடலை நன்கறிவர். மகளின் உடல் மெலிகின்றது, தாய் கலங்குகின்றாள், கட்டுவிச்சி நெல்லைப் பரப்பிக் குறி பார்த்து, இது முருகனால் வந்த நோய் என்கின்றாள். வேலன் வந்து களம் அமைத்து ஆடுகின்றான். ஆட்டத்தில் யாதொரு குறையும் இல்லை. ஆனால், வந்திருப்பது காதல் நோய் என்பதைத் தலைவி அறிவாள், தோழி அறிவாள். வேலன் ஒருவனே அறியான். அவன் அவளை ஒன்றும் கேட்டானல்லன். ஆடி நோய் தீர்க்க வருபவன் முதலில் யாரைக் கேட்டறிய வேண்டும் என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டில் நாடகத்தைக் கையிற்கொண்டு நாடு நாடாகச் சென்ற ஒருவரின் வாழ்க்கையிலும் எழுந்தது. அவர் பிரேசில் நாட்டினராகிய அகுஸ்தோ போவால்.

போர்ச்சுக்கலிலிருந்து குடியேறிய ரொட்டிக்கடைக்காரர் ஒருவரின் மகனாக ரியோ டி ஜெனிரோவில் 1931ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். வேதியியற் பொறியியல் கற்றார். மேற்படிப்புக்கென நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்று அங்கே நாடகமும் பயின்று திரும்பினார். 1956 முதல் சாவோ பாவ்லோ நகரின் அரேனா அரங்கில் இயக்குநராகப் பணியாற்றினார்.

1960களின் தொடக்கத்தில் அவரும் குழுவினரும் வடகிழக்குப் பிரேசிலின் வறிய சிற்றூர்களுக்குச் சென்று உழவர்க்கு நாடகம் காட்டி வந்தனர். ஒரு நாடகத்தின் முடிவில் நடிகர்கள் துப்பாக்கிகளை உயர்த்தி, நிலத்திற்காகக் குருதி சிந்துவோம் என்று பாடினர். உழவர் ஒருவர் உள்ளம் உருகி அவர்களிடம் வந்தார். அவ்வாறாயின் இப்பொழுதே புறப்படுவோம், எங்கள் நிலத்தைப் பறித்தவனை விரட்ட உங்கள் துப்பாக்கிகளோடு வாருங்கள் என்றார். அவை சுடமாட்டாத நாடகத் துப்பாக்கிகள் என்று கூற வேண்டியதாயிற்று. துப்பாக்கி பொய்யாயினும் நீங்கள் மெய்யானவர்கள் அல்லரோ, எங்களிடம் துப்பாக்கிகள் உண்டு, வாருங்கள் என்றார் அவர். தாங்கள் கலைஞர்களே அன்றிப் போரிடுவோர் அல்லர் என்று குழுவினர் தயங்கிச் சொன்னபோது, நீங்கள் சிந்தச் சொன்ன குருதி எங்களுடையதுதான் போலும் என்று அவர் கூறிச் சென்றார். தாமும் பங்கேற்கமாட்டாத இடரில் பிறரை இறங்கச் சொல்லும் நாடகத்தை இனி எழுதுவதில்லை என்று போவால் உறுதி கொண்டது இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே. அறிவுரை வழங்கும் நாடகங்களைப் பள்ளிகளில் நாம் எத்தனையோ முறை மேடையேற்றியிருக்கிறோம். அவற்றைப் பார்த்திருந்தவர் எவரேனும் எழுந்து, சரி, நீங்களும் வாருங்கள் என்று நம்மை அழைத்ததுண்டா?

1964இல் பிரேசிலில் படைத்துறை ஆட்சி ஏற்பட்டது. 1971இல் போவால் கைது செய்யப்பட்டுச் சிறையில் வதைக்கப்பட்டார். விடுதலையானதும் நாட்டை விட்டு வெளியேறி அர்ஜென்டினா சென்றார். அவர் உலகம் சுற்றிய ஆசிரியரானது விரும்பி மேற்கொண்ட பயணத்தால் அன்று, நாடிழந்ததால்.

1973இல் பெரு நாட்டின் அரசு பெரியதோர் எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியது. அந்நாட்டின் 1 கோடியே 40 இலட்சம் மக்களில் 30 முதல் 40 இலட்சம் பேர் எழுத்தறியாதவர் அல்லது அரைகுறையாக அறிந்தவர் என்பது அக்கால மதிப்பீடு. அவர்களிற் பலருக்குத் தாய்மொழி ஸ்பானியம் அன்று. கெச்சுவாவோ அய்மாராவோ வேறு காட்டு மொழியோ ஆகும். ஆதலின் அத்திட்டத்தினர் நாடகத்தையும் நிழற்படக் கலையையும் மொழிகளாகவே கொண்டு கற்பித்தனர். நாடகப் பகுதியில் பணியாற்ற வந்தவர் போவால்.

நிழற்படம் பற்றிய செய்தியொன்றை அவர் தம் நூலிற் குறித்துள்ளார். மக்களிடம் நிழற்படப் பெட்டியைக் கொடுத்து, வினாவுக்கு விடையைப் படமாகவே தரச் சொல்வர். சுரண்டல் என்பது யாது என்று கேட்கப்பட்டது. சிலர் கடைக்காரனைப் படம் பிடித்தனர். சிலர் வீட்டு வாடகை வாங்க வருபவனைப் பிடித்தனர். லீமா நகரின் சிறுவன் ஒருவன் சுவரில் அடித்த ஆணி ஒன்றைப் படம் பிடித்து வந்தான். பெரியவர்களுக்குப் பொருள் விளங்கவில்லை. மற்றச் சிறுவர்களோ உடனே உடன்பட்டனர். அச்சிறுவர்கள் காலணிக்கு மெருகிட்டுப் பிழைப்பவர்கள். அவர்கள் குடியிருப்பு நகருக்கு வெகு தொலைவு. கனத்த பெட்டியை நாள்தோறும் சுமந்து போய்வர இயலாமையால், கடைச் சுவரிலுள்ள ஆணியில் இரவுக்கு மாட்டி வைப்பர்; அதற்குக் கடைக்காரன் வாடகை வாங்குவான். வெளியிலிருந்து வந்த ஆசிரியர் எவரும் அந்த ஆணியைத் தாமாகக் கண்டிருக்க முடியாது.

இனி, துடைப்பக் கட்டையின் கதை. அந்நாளில் போவால் கையாண்ட முறை இது: ஊரார் ஒருவரின் உண்மைத் துன்பத்தை நடிகர்கள் நடிப்பர், சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்துவர், அவையோர் தீர்வு சொல்வர், நடிகர்கள் அதனை நடித்துக் காட்டுவர். எழுத்தறியாத பெண் ஒருத்தியின் கதை நாடகமாயிற்று. கணவன் முக்கியமான தாள்கள் என்று சொல்லிச் சிலவற்றைப் பத்திரப்படுத்தச் சொன்னான். அவளும் அவ்வாறே பாதுகாத்தாள். ஐயம் தோன்றி, படிக்கத் தெரிந்த அண்டை வீட்டாளிடம் காட்டியபோது, அவை அவனுடைய காதலி எழுதிய மடல்கள் என்பது வெளிப்பட்டது. கணவன் இன்றிரவு வீடு திரும்புவான். அவள் என் செய்வது?

அவையிலிருந்து பலர் பலவாறு கூறினர். வலிய உடற்கட்டுடைய அம்மையார் ஒருவர், அவனோடு தெளிவாகப் பேசிவிட்டுப் பின்னர் மன்னிக்க வேண்டும் என்றார். நடிகை பேசிக் காட்டினாள்; அது போதாது என்றார் அம்மையார். இன்னும் உரத்துப் பேசினாள், அதுவும் போதவில்லை. பொறுமையிழந்த போவால், நீங்களே மேடைக்கு வந்து காட்டுங்கள் என்றார். அம்மையார் ஏறினார்; துடைப்பக் கட்டையை எடுத்தார்; கணவனாக நடித்தவரை நன்றாகப் புடைத்தார்; பின்னர் மன்னித்து, உணவு கொண்டுவா என்று ஏவினார். தெளிவாகப் பேசுதல் என்று அவர் கருதியது அதனைத்தான்! அடிபட்டவர் நடிகரே அன்றிக் கணவர் அல்லர் என்பது உண்மையே. எனினும் ஒருவர் கூறும் சொல்லின் பொருளை அவரே செய்து காட்டினாலன்றிப் பிறர் அறியார் என்று போவால் கண்டுகொண்டார். அவையோர் மேடையேறி நடிகரின் இடத்தை ஏற்கும் மன்ற நாடகம் இவ்வாறு தோன்றியது. முறையை வகுத்த பெருமை அவருக்கு உரியதாயினும், அதன் முதலாசிரியை அவ்வம்மையாரே என்பது எம் கருத்து. 1974இல் வெளிவந்த 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' நூல் இப்பெரு நாட்டு அனுபவத்தை விரிவாக எடுத்துரைக்கின்றது.

1976இல் போர்ச்சுக்கலுக்கும், 1978இல் பாரிசுக்கும் அவர் பெயர்ந்தார். அங்கே அவருக்கு வேறொரு வியப்புக் காத்திருந்தது. பசி, நிலம், கூலி, காவலரின் தடி என்று கேட்டுப் பழகியவரிடம், பயில வந்த ஐரோப்பியர் தனிமை என்றனர், வெறுமை என்றனர், மனம் விட்டுப் பேச இயலவில்லை என்றனர். காவலர் எங்கே என்று போவால் தேடினார், எவரும் தென்படவில்லை. இவையெல்லாம் வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்குத் துயரங்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பசியால் மாளாத அந்நாடுகளிலும் மக்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வதை அவர் எண்ணிப் பார்த்தார். காவலன் தலைக்குள்ளே இருக்கிறான். அவனுடைய தலைமை நிலையமோ வெளியில் உள்ளது என்னும் முடிவுக்கு வந்தார்.

1980களின் தொடக்கத்தில் தம் மனைவி செசிலியாவுடன் பாரிசில் ஒரு பயிலரங்கை நடத்தினார். செசிலியா உளப்பகுப்பாய்வுத் துறையினர். ஒருவர் தாம் பேச நினைத்தும் பேசாது அடங்கிய காட்சி ஒன்றை நடிப்பார். அவரைத் தடுத்த குரல்கள் யார் யாருடையவை, தந்தையா, ஆசிரியரா, மேலாளரா என்று கண்டு, மற்றவர்கள் அவற்றிற்கு உருவம் கொடுத்து நிற்பர். அவர் ஒவ்வோர் உருவத்தோடும் வாதிடுவார். 1990இல் பிரெஞ்சு மொழியில் வெளியான அவரது நூல் இம்முறைகளை விரித்துரைக்கின்றது. இது வியன்னாவில் வளர்ந்து 1925இல் அமெரிக்கா சென்ற மொரேனோவின் உளநாடகத்தோடு ஒப்பிடத்தக்கது. ஆனால் மொரேனோ மருத்துவர், போவால் அல்லர். ஆதலின் குணப்படுத்தல் என்னும் சொல்லை இங்கு அளவோடு ஆளுதலே முறை. தீர்க்கும் பொறுப்பை நோயுற்றோரிடமே மீட்டளிப்பது, மருந்து கொடுப்பதினும் வேறானது.

1986இல் அவர் தாயகம் திரும்பினார். 1993 முதல் 1996 வரை ரியோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, மக்கள் நடித்துக் காட்டிய தீர்வுகளிலிருந்து 13 சட்டங்கள் உருவாயின.

பயணம் செய்யும் ஆசிரியரின் பெருங்குறை, அவர் சில நாளிற் புறப்பட்டுவிடுவார் என்பதே. பின்னர் ஊரில் எஞ்சுவது யாது? இதற்கு வங்காளம் ஒரு விடை தந்தது. சஞ்சய் கங்கூலி 1985இல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி என்னும் குழு, போவாலின் முறையைப் பின்னர் அறிந்து தனதாக்கிக்கொண்டது. அதன் நடிகர்களிற் பலர் விவசாயக் கூலிகள். வரதட்சணை, மனைவியை அடித்தல், கள்ளச் சாராயம் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் நடிப்பர். நடித்த ஊருக்கே மீண்டும் செல்வர். நடித்தவர் அவ்வூரவரே ஆதலின் விடைபெறுதல் என்பதே இல்லை.

சிங்கப்பூருக்கும் இம்முறை வந்தது. நெசசரி ஸ்டேஜ் குழு 1993இல் மன்ற நாடகங்களை மேடையேற்றியது. 1994 ஜனவரியில், எழுதி முடிக்கப்பெற்ற பனுவல் இல்லாத இவ்வகைக் கலைக்குத் தேசியக் கலை மன்றத்தின் நிதியுதவி கிடையாது என்று அரசு அறிவித்தது. அடுத்த மாதம், அக்குழுவினர் இருவர் நியூயார்க்கில் போவாலின் பயிலரங்கிற் கலந்துகொண்ட செய்தி, மார்க்சியப் பயிலரங்கு என்னும் பெயரோடு நாளிதழில் வெளியாயிற்று. அவையிலிருந்து எழுந்து வருபவர் என்ன சொல்வார் என்பதை எவரும் முன்கூட்டி எழுதித் தர இயலாது. துடைப்பக் கட்டையை எடுத்த அம்மையாரின் உரையையும் எவரும் எழுதி வைத்திருக்கவில்லை. அந்த நிதித் தடை 2003இல் நீங்கியது. போவால் 2009 மே 2ஆம் நாள் ரியோவில் காலமானார்.