பெண் பெயரை ஆண் பெயராக்கிய வரலாறு: பைபிளில் வரும் யூனியா யார்?

பைபிளில் ஒரே ஒரு வசனத்தில் மட்டும் வரும் பெயர் யூனியா. அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே 'அப்போஸ்தலர்' என்ற சொல்லும் இருப்பதுதான் இத்தனை விவாதத்துக்கும் காரணம். தொடக்க காலத் திருச்சபையில் பெண்களுக்கு என்ன இடம் இருந்தது என்று கேட்டால், ஆய்வாளர்கள் முதலில் காட்டும் பெயர்களில் இதுவும் ஒன்று.

யார் இந்த யூனியா?

கி.பி. 57-ம் ஆண்டு வாக்கில் ரோம் நகரக் கிறிஸ்தவர்களுக்கு பவுல் எழுதிய கடிதம்தான் ரோமர் நிருபம். அதன் 16-ம் அதிகாரத்தில், தனக்குத் தெரிந்தவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். 7-ம் வசனத்தில் அன்றோனீக்கு, யூனியா என இருவர் வருகிறார்கள். தன் இனத்தார், தன்னோடு சிறைப்பட்டவர்கள், தனக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றவர்கள், அப்போஸ்தலர்களுக்குள் பேர் பெற்றவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்கிறார். இருவரும் கணவன் மனைவியாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இயேசுவின் 12 சீடர்களை மட்டும் பவுல் அப்போஸ்தலர் என்று சொல்வதில்லை. 'அனுப்பப்பட்டவர்' என்பதே அந்தச் சொல்லின் பொருள். 12 பேரில் ஒருவராக இல்லாத பவுலும் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்.

ஆண் பெயரானது எப்படி?

முதல் சில நூற்றாண்டுகளில் விளக்கவுரை எழுதியவர்களில் பெரும்பாலானோர் யூனியாவைப் பெண்ணாகவே பார்த்தார்கள். 4-ம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் கிறிசோஸ்தம், பெண்கள் குருக்களாவதை ஏற்காதவர். அவரே, அப்போஸ்தலர் என அழைக்கப்படும் அளவுக்கு இந்தப் பெண் உயர்ந்தவர் என்று வியந்து பாராட்டியிருக்கிறார்.

இடைக்காலத்தின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. 'அப்போஸ்தலர் என்றால் ஆணாகத்தானே இருக்க முடியும்' என்ற எண்ணம் வலுத்தது. 16-ம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பிலும் யூனியா ஆணாகவே வந்தார்.

இதற்கு வழிவிட்டது கிரேக்க எழுத்துமுறை. அந்த வசனத்தில் பெயர் வரும் வடிவத்தில் ஆண், பெண் இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றுதான். எழுத்தின் மேலே இடும் சிறு அழுத்தக் குறிதான் வேறுபடுத்திக் காட்டும். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்தக் குறியே கிடையாது. அறிஞர்கள் பயன்படுத்தும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பு, 1927-ல் ஆண் பெயருக்கான குறியைப் போட்டது. 1998-ல்தான் அது மீண்டும் பெண் பெயரானது.

பெண்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

யூனியா என்ற பெண் பெயர் ரோம் நகரக் கல்வெட்டுகளில் நூற்றுக்கணக்கில் கிடைக்கிறது. 'யூனியாஸ்' என்ற ஆண் பெயர் அந்தக் காலக் கல்வெட்டு எதிலும் கிடைக்கவில்லை. எல்டன் எப் 2005-ல் வெளியிட்ட நூல் இந்த ஆதாரங்களை ஒன்றாகத் தொகுத்துத் தந்தது.

ஆனால் விவாதம் முடியவில்லை. "பெண்தான், ஆனால் அப்போஸ்தலர் இல்லை; அப்போஸ்தலர்களுக்கு நன்கு அறிமுகமானவர் என்றுதான் பொருள்" என 2001-ல் இரு ஆய்வாளர்கள் வாதிட்டனர். இதற்கும் கடுமையான மறுப்புகள் வந்தன.

யூனியா மட்டும்தானா?

இல்லை. அதே அதிகாரத்தில் மொத்தம் 10 பெண்கள் வருகிறார்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள், பவுலின் உடன் ஊழியரான பிரிஸ்கில்லாள் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். 'பிரயாசப்பட்டு உழைத்தவர்கள்' என்று அங்கே பவுல் பாராட்டும் நால்வருமே பெண்கள்: மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள்.

பைபிளுக்கு வெளியேயும் சாட்சி உண்டு. கி.பி. 112 வாக்கில் ரோமானிய ஆளுநர் பிளினி, சபையில் ஊழியப் பொறுப்பு வகித்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பேரரசர் டிராஜனுக்கு எழுதியிருக்கிறார்.

அப்போ, முழு சமத்துவம் இருந்ததா?

அப்படியும் சொல்ல முடியாது. கிறிஸ்துவுக்குள் ஆண், பெண் வேறுபாடு இல்லை என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. பெண்கள் சபையில் பேசக்கூடாது என 1 கொரிந்தியர் 14-ம் அதிகாரமும், போதிக்கக்கூடாது என 1 தீமோத்தேயுவும் சொல்கின்றன. இத்தனைக்கும் 1 கொரிந்தியரின் 11-ம் அதிகாரத்தில், பெண்கள் சபையில் ஜெபிப்பதும் தீர்க்கதரிசனம் சொல்வதும் வழக்கமான விஷயமாகவே பேசப்படுகிறது. 1 தீமோத்தேயு பவுலுக்குப் பின் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. பாரம்பரிய நம்பிக்கை அதைப் பவுலின் கடிதமாகவே ஏற்கிறது.

இன்றைக்கு ஏன் இது முக்கியம்?

பெண்கள் குருவாகலாமா என்ற கேள்வியில் சபைகள் இன்றும் பிரிந்து நிற்கின்றன. இயேசு தேர்ந்தெடுத்த 12 பேரும் ஆண்கள் என்பதைச் சுட்டிக்காட்டி, பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என 1994-ல் போப் இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். தொடக்க காலத் திருச்சபையில் பெண் டீக்கன்களின் பணி என்ன என்பதை ஆராய 2016-ல் போப் பிரான்சிஸ் குழு அமைத்தார். தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) 2013-ல் புஷ்பா லலிதா முதல் பெண் பேராயரானார்.

தமிழ் பைபிள் படிப்பவர்கள் ரோமர் 16-ஐ எடுத்துப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் பெபேயாள், பெர்சியாள் என்று 'ஆள்' விகுதியே பெண் எனக் காட்டிவிடும். யூனியாவுக்கு அந்த விகுதி இல்லை. இருவரையும் சேர்த்துப் பன்மையில் சொல்வதால், அவர் பெண் என்பது தெரியாமலே பலரும் அந்த வசனத்தைக் கடந்திருப்பார்கள்.