ஒரு கத்தியும் ஒரு சிறு குச்சியும்

மரவேலை கற்கப் புகும் ஒருவர் முதலில் எதைக் கையில் எடுக்க வேண்டும்? இழைப்புளியையா, உளியையா, வாளையா? பட்டறைக்குள் மட்டும் எழக்கூடிய கேள்வி போல இது தோன்றலாம். ஆயினும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வட ஐரோப்பாவின் கல்வியாளர் சிலர் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட விடை மிக எளியது: ஒரு கத்தி, ஒரு சிறு குச்சி. அவ்வெளிய தொடக்கம் ஒரு நாட்டின் பள்ளிகளுக்குள் எவ்வாறு நுழைந்தது, நம் நாட்டுக் கல்விச் சிந்தனையோடு எங்கே உறவு கொண்டது, நம் முன் எக்கேள்வியை வைக்கிறது என்பவற்றைச் சற்றே காண்போம்.

குளிர்கால இல்லங்கள்

சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் குளிர்காலம் நீண்டது. நிலம் பனியால் மூடப்பட்டிருக்கும் மாதங்களில் உழவர் குடும்பங்கள் அடுப்பங்கரையில் அமர்ந்து, கரண்டி, கோடரிப்பிடி, வாளி, நாற்காலி எனத் தமக்கு வேண்டியவற்றைத் தாமே செதுக்கிக்கொண்டன. கைத்திறனால் செய்யும் இவ்வீட்டு வேலைக்கு 'ஸ்லாய்டு' என்பது பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகி, மலிவான பொருள்கள் கடைகளுக்கு வந்தபோது இவ்வழக்கம் தேயத் தொடங்கியது. கைக்கு வேலையற்ற குளிர்கால இரவுகளைச் சாராயம் நிரப்பியது. இழந்த திறமையைவிட அத்திறமை வளர்த்த குணங்களே பெரிய இழப்பு எனச் சிந்தனையாளர் சிலர் கவலை கொண்டனர்.

அவர்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் பின்லாந்தின் ஊனோ சிக்னேயுஸ் (1810-1888). லூத்தரன் சபைக் குருவான இவர், அலாஸ்காவின் சிட்கா என்னும் தொலைதூரக் குடியிருப்பில் 1840 முதல் ஐந்தாண்டுகள் பணியாற்றியவர். பெஸ்டலோசி, பிரோபல் ஆகிய கல்வியாளர்களின் கருத்துகளில் தோய்ந்த இவர், அறிவு புத்தகத்தின் வழியாக மட்டுமன்றிக் கையின் வழியாகவும் வளர்கிறது என உறுதியாக நம்பினார். 1863இல் யூவாஸ்கூலா நகரில் தொடங்கப்பட்ட ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவரானார். இவரது முயற்சியின் பயனாக 1866ஆம் ஆண்டுச் சட்டம் பின்லாந்தின் நாட்டுப்புறப் பள்ளிகளில் சிறுவருக்குக் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கியது.

நேஸ் பண்ணையின் பள்ளி

சுவீடனில் இக்கருத்துக்கு முறையான வடிவம் கொடுத்தவர் ஓட்டோ சாலமன் (1849-1907). யூத குலத்தவரான இவருடைய மாமன் ஆகுஸ்ட் ஆபிரகாம்சன், கோத்தன்பர்க் நகரின் செல்வ வணிகர். அவர் 1868இல் அந்நகருக்கு அருகே ஏரிக்கரையில் அமைந்த நேஸ் என்னும் பண்ணையை விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டே மனைவியை இழந்தார், பிள்ளைகளும் இல்லை. தம் செல்வத்தைச் சுற்றுப்புறப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிட அவர் முடிவு செய்தார். 1872இல் சிறுவருக்கும், இரண்டாண்டுகள் கழித்துச் சிறுமியருக்கும் அங்கே கைவேலைப் பள்ளிகள் தோன்றின. அவற்றை நடத்தும் பொறுப்பு மருமகன் சாலமனிடம் வந்தது.

1877இல் சாலமன் பின்லாந்து சென்று சிக்னேயுசைச் சந்தித்தார். அவர் எண்ணத்தை அச்சந்திப்பு பெரிதும் மாற்றியது. தேர்ந்த கைவினைஞரை உருவாக்குவது பள்ளியின் நோக்கமாகாது, முழுமையான மனிதரை உருவாக்கக் கைவேலை துணைநிற்க வேண்டும் என்ற தெளிவுடன் அவர் திரும்பினார். அதன்பின் நேஸ் பண்ணை ஆசிரியர்களின் பயிற்சிக்கூடமாகவே விளங்கியது. சில வாரப் பயிற்சிகளுக்கு பிரிட்டன், அமெரிக்கா, சிலி முதலிய நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தனர். 1898இல் மறைந்த ஆபிரகாம்சன், இப்பணி தொடர வேண்டும் என்று தம் பண்ணையையே நாட்டுக்கு எழுதி வைத்தார்.

ஏன் கத்தி?

சாலமனின் முறையில் மாணவன் செய்து முடிக்க வேண்டிய பொருள்கள் வரிசையாக அமைந்திருந்தன. மேல்நிலை வரிசையில் மட்டும் ஐம்பது பொருள்கள். முதற்பொருள், முனை சீவிய ஒரு சிறு குச்சி. எழுத்துகளைச் சுட்டிக்காட்டப் பயன்படுவது. அடுத்தடுத்து, பூச்செடிக்கு ஊன்றும் கோல், சாவியோடு கட்டும் மரச்சீட்டு, கோடரிப்பிடி என வளர்ந்து, பல பிணைப்புகள் கொண்ட பெரிய பொருள்களில் வரிசை நிறைவுறும். எளியதிலிருந்து அரியதற்கும், தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும் செல்வதே நெறி.

தெரிந்ததிலிருந்து தொடங்க வேண்டுமாயின், கிராமத்துப் பிள்ளை ஏற்கனவே அறிந்த கருவி எது? கத்தியே. மேலும், கத்தி மரத்தின் இயல்பை நேராகக் கைக்கு உணர்த்தும் கருவி. மரத்தின் நார் ஓடும் திசையில் சீவினால் சுருள் மெல்லியதாய் எழும். எதிராகச் சீவினால் கத்தி உள்ளே பாய்ந்து குச்சி பிளந்துவிடும். ஒருமுறை பிளந்த குச்சி தரும் பாடத்தை எந்த ஆசிரியரும் சொல்லால் தர இயலாது. இவ்வாறு கை கற்றபின் இழைப்புளியும் உளியும் வரும்போது அவை அந்நியமாகத் தோன்றுவதில்லை.

இம்முறையின் வேறு சில விதிகளும் எண்ணத்தக்கவை. செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்படுவதாக இருக்க வேண்டும். வெறும் அலங்காரப் பொருள் கூடாது. ஒருவர் அறுக்க மற்றொருவர் இழைக்கும் பங்கீடு கூடாது. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே மாணவனின் உழைப்பாக இருக்க வேண்டும். ஆசிரியர் விளக்கலாம், வேறொரு துண்டில் செய்து காட்டலாம், ஆனால் மாணவனின் பொருளில் கை வைக்கலாகாது. ஏனெனில், ஆசிரியர் திருத்திய பொருள் அழகாக இருக்கலாம். அது மாணவனுடையதாக இராது. கோணலாய் நின்றாலும் தன் கையால் முடித்த பொருளே பிள்ளைக்குத் தற்சார்பையும் பொறுமையையும் நேர்மையையும் கற்பிக்கும் என்று சாலமன் கருதினார். மரத்தின் முன் யாரும் பொய் சொல்ல இயலாது. மூலைமட்டத்தை வைத்தவுடன் கோணல் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. முரட்டு உடலுழைப்பின்மீது மதிப்பு ஏற்பட வேண்டும் என்பதைச் சாலமன் தம் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தார். வணிகரின் மகனும் குருவானவரின் மகனும் உழவரின் மகனும் ஒரே வகைக் குச்சியைச் சீவிய பின்னர், உழைப்பவனை ஏளனமாக நோக்கும் பார்வை தானே மங்கும் என்பது அவர் நம்பிக்கை. சுவீடனில் 1955இல் கட்டாயப் பாடமான இக்கைவேலை, இன்றும் அந்நாட்டின் எல்லாப் பிள்ளைகளும், ஆண் பெண் வேறுபாடின்றி, கற்கும் பாடமாக விளங்குகிறது.

நம் நாட்டில்

இக்காற்று இந்தியாவையும் தொட்டது. தாகூரின் சாந்திநிகேதனைச் சேர்ந்த லட்சுமீசுவர் சின்கா, 1928இல் சுவீடனுக்குச் சென்று ஸ்லாய்டு கல்வி பயின்றார். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. கைத்தொழிலையே நடுவாகக் கொண்டு பிற பாடங்களைக் கற்பிப்பது அதன் அடிப்படை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளைகள் செய்யும் பொருள்களின் விற்பனையால் பள்ளியின் செலவை ஈடுகட்டலாம் என்று காந்தியடிகள் எதிர்பார்த்தார். சாலமனோ, பொருளின் விலையைக் கணக்கிடவில்லை. அதைச் செய்த பிள்ளையின் வளர்ச்சியையே கணக்கிட்டார்.

தமிழகத்தில் இக்கேள்வி வேறொரு திசையில் சென்றது. 1953இல் அன்றைய முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியைப் பள்ளியிலும், எஞ்சிய பகுதியைத் தம் பெற்றோரின் தொழிலைக் கற்பதிலும் கழிக்க வேண்டும். அதனைக் 'குலக்கல்வி' என்று எதிர்த்து எழுந்த கிளர்ச்சியை மூத்தோர் அறிவர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அவருக்குப்பின் வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

யாருக்காக இக்கல்வி?

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை ஒன்று புலப்படும். கைவேலை உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பது கருவியைப் பொறுத்ததன்று. அதனை யார் கையில், என்ன நோக்கத்தோடு கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தச்சரின் மகன் தச்சனாகவே இருக்கட்டும் என்று உளியைக் கொடுத்தால் அது விலங்கு. எல்லார் மகனும் மகளும் ஒருமுறையேனும் உளியைப் பிடிக்கட்டும் என்று கொடுத்தால் அதுவே விடுதலை. தமிழகம் விலங்கை மறுத்தது சரியே. ஆனால் அதனை மறுத்த வேகத்தில் உளியையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டோமோ என்று எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. நம் பள்ளிகள் பலவற்றில் கைத்தொழில் பாடவேளை பெயரளவில் நின்று, பின்னர் தேர்வுப் பாடங்களுக்கு இடம் கொடுத்து ஒதுங்கியது. அதன் விளைவாக, தச்சு குறிப்பிட்ட சிலருக்கு உரிய வேலை என்ற பழைய எண்ணம் மாறாமலே நின்றுவிட்டது.

நாசரேத்தூர் மக்கள் இயேசுவின் ஞானத்தைக் கேட்டு வியந்தபோதும், அவர் தச்சர் குடும்பத்தவர் என்பதையே தடையாகக் கண்டனர். உழைக்கும் கையிலிருந்து ஞானம் வரக்கூடும் என அவர்களால் ஏற்க இயலவில்லை. அத்தயக்கம் அவ்வூரோடு முடிந்துவிட்டது என்று நம்மால் சொல்ல முடியுமா?

நம் பங்கின் ஞாயிறு வகுப்புகளிலோ விடுமுறை முகாம்களிலோ இச்சிறு தொடக்கத்தைச் செய்து பார்க்கலாம். பெரிய பட்டறை வேண்டாம். விலை உயர்ந்த கருவிகள் வேண்டாம். எளிதில் சீவப்படும் ஒரு மரத்துண்டு, கூரான ஒரு கத்தி, அருகில் பொறுமையுள்ள ஒரு பெரியவர் போதும். கத்தி உடலைவிட்டு விலகும் திசையில் செல்லட்டும். குச்சி பிளந்தால் இன்னொன்று எடுக்கட்டும். பெரியவரின் கை பிள்ளையின் குச்சியைத் தொடாதிருக்கட்டும். இயன்றால் ஊரின் தச்சர் ஒருவரையே அழைத்து, ஆசிரியருக்குரிய இருக்கையில் அமர்த்துவோம். மருத்துவராகவும் பொறியாளராகவும் வளரப்போகும் பிள்ளைகள் அவரை 'ஐயா' என்று விளித்துக் கற்கும் அந்த ஒரு மணி நேரம், உழைப்பின் மாண்பைப் பற்றிய பல உரைகளைவிட ஆழமாக அவர்கள் மனத்தில் பதியும்.