கடிகாரமும் இரு கண்களும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மநாப சுவாமி கோயிலுக்கு அருகே நின்று மேலே நோக்குவோர் 'மேத்தன் மணி' என்னும் பழைய கடிகாரத்தைக் காண்பர். தாடி வைத்த ஒரு மனித முகம். அதன் இருபுறமும் இரண்டு ஆட்டுக்கிடாக்கள். மணி அடிக்கும்போது முகம் வாய் திறக்க, கிடாக்கள் கன்னங்களில் முட்டும் வண்ணம் அமைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. இத்தகைய பெருங் கடிகாரங்களின் சக்கரங்களை வெறும் கண்ணாலேயே கண்டு பழுது அறியலாம். அங்கிருந்து கரமனைக்கு வந்து, ஒரு கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து பார்த்தால் நிலைமை வேறு.

கரமனை, நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் ஆற்றங்கரையில் அமைந்த ஊர். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்கள் அங்கே உண்டு. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, இந்தச் சாலையின் குறுக்கே மாநில எல்லை வந்தது. ஆயினும் உறவும் தொழிலும் அதைக் கடந்து நடமாடின. அந்தச் சாலையோரத்தில் கடிகாரம் பழுதுபார்த்துவந்த ஒரு பெரியவரை நான் அறிவேன். ஐம்பது வயதைத் தாண்டியதும் அவருக்குப் பார்வை தளர்ந்தது. சேமித்த பணத்தைக் கொண்டு ஒரு நுண்பெருக்கி வாங்கினார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் காணப்படும் வகை அது. நானூறு மடங்கு பெரிதாகக் காட்டுவது. ஒரு மாதத்திற்குள், பம்பாயில் வேலைக்குப் புறப்பட்ட இளைஞர் ஒருவர், தம் தந்தையின் நினைவாக வைத்திருந்த கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பாலன்ஸ் அச்சின் நுனி, பெரியவரின் இடுக்கியில் பட்டு முறிந்தது.

பெரியவரின் கை தவறவில்லை, கருவியே தவறானது. ஏன் என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நுண்பெருக்கியும் கைக்கடிகாரமும் ஒரே நூற்றாண்டில், ஒரே மனிதர்களின் கைகளில் வளர்ந்தவை. இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1665இல் நுண்பெருக்கியில் தாம் கண்டவற்றைப் படங்களுடன் நூலாக வெளியிட்டார். அதில் முதலில் அவர் ஆராய்ந்தது ஓர் ஊசி முனை. கூர்மையென நாம் கருதும் முனை, பெரிதாக்கிப் பார்க்கையில் மழுங்கியும் கரடுமுரடாயும் இருப்பதை அவர் காட்டினார். கடிகாரச் சக்கரத்தின் அச்சு முனையும் அத்தகையதே. ஹாலந்தின் கிறிஸ்டியன் ஹைகன்ஸ் 1675இல் சுருள்வில்லுடன் கூடிய கடிகாரத்தை அறிவித்தபோது, அந்த எண்ணம் தம்முடையதே என்று வழக்காடியவரும் இதே ஹூக்தான். 1704இல் மாணிக்கக் கல்லைத் துளைத்து அச்சு தாங்கியாக வைக்கும் முறைக்கு லண்டனில் உரிமை வழங்கப்பட்டது. '17 கல்' என்று நம் வீட்டுக் கடிகாரங்களில் பொறித்திருந்ததன் வேர் அங்கே இருக்கிறது.

அந்தக் கல்லுக்குள் சுழலும் பாலன்ஸ் அச்சின் நுனி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் பருமன் உடையது. இதைக் காண, பழுதுபார்ப்போர் கண்ணில் செருகும் லென்ஸைப் பயன்படுத்தினர். ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு: பெருக்கம் கூடக் கூடப் பொருள் அண்மையில் வந்தாக வேண்டும். நான்கு மடங்கு லென்ஸுக்குப் பொருள் சுமார் 62 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கலாம். பத்து மடங்குக்கோ 25 மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளியில் இடுக்கியும் திருப்புளியும் எவ்வாறு நுழையும்? கழுத்தும் முதுகும் எவ்வளவு நேரம் வளைந்திருக்கும்?

கல்லூரி நுண்பெருக்கி இதைத் தீர்ப்பதில்லை; குறையைப் பெருக்குகிறது. அதன் வலிமை மிக்க வில்லைக்கும் பொருளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அது கீழிருந்து ஒளி ஊடுருவும் மெல்லிய பொருளுக்கென அமைந்தது. கடிகாரமோ ஒளி புகாதது. எல்லாவற்றிலும் மேலாக, அதில் உருவம் தலைகீழாகவும் இடம் வலமாகவும் தெரியும். வலப்புறம் நகர்த்திய இடுக்கி இடப்புறம் செல்வதாகத் தோன்றும். பெரியவரின் நாற்பதாண்டுப் பழக்கம் அந்த ஒரு நொடியில் அவருக்கே எதிரியாயிற்று.

இதற்கு விடை ஏற்கனவே பிறந்திருந்தது. இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைப் பெறுவதாலேயே ஆழம் தெரிகிறது என்பதை வீட்ஸ்டன் 1838இல் விளக்கினார். 1890களில் அமெரிக்க உயிரியல் அறிஞர் கிரீனோ, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி நுண்பெருக்கியைச் சாய்வாகப் பொருத்தி, உருவத்தை நேராகக் காட்டும் கருவியை எண்ணினார். ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம் அதைச் செய்து அளித்தது. இரு கண் நுண்பெருக்கி எனப்படும் அக்கருவியின் வழிவந்தவையே கடிகார மேசைக்கு உரியவை.

ஆகவே, வாங்குவோர் 'எத்தனை மடங்கு?' என்று முதலில் கேட்கலாகாது. 'எவ்வளவு இடைவெளி?' என்றே கேட்க வேண்டும். இன்று பரவலாகக் கிடைக்கும் கருவி 7 முதல் 45 மடங்கு வரை காட்டும். இடைவெளி ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். அதன் அடியில் 0.5 வில்லையைச் சேர்த்தால் பெருக்கம் பாதியாகும். இடைவெளியோ 150க்கும் மேலாகும். குறைந்த பெருக்கத்தில் முழு இயந்திரமும் ஒரே பார்வையில் அடங்கும். பெரும்பாலான வேலை பத்து மடங்கைச் சுற்றியே நடக்கும்; அச்சு முனையையும் கல்லையும் ஆராய மட்டும் இருபதுக்குமேல் வேண்டும். பெருக்கம் உயர உயரத் தெளிவாய்த் தெரியும் ஆழம் குறையும் என்பதையும் மறத்தலாகாது. கருவியைத் தாங்கும் தண்டு நீண்டு, மேசைக்கு மேல் வந்து நிற்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், நேர் ஒளியில் மறையும் கீறல்கள் தென்படும். ஹரியானாவின் அம்பாலா நகரம் அறிவியல் கருவிகளுக்குப் பெயர் பெற்றது. இந்தியக் கருவி வேண்டுவோர் அங்கே விசாரிக்கலாம்.

பெங்களூரில் 1961இல் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழில் 2016இல் மூடப்பட முடிவாயிற்று. புதிய உதிரி உறுப்புகள் அருகிவிட்ட இந்நாளில், வெளியூர்களில் வாழும் நம்மவர் பெட்டியில் உறங்கும் தந்தையரின் கடிகாரங்களில் முறிந்ததை மாற்றுவது எளிதன்று. முறியாமல் காப்பதே தொழில்.

கரமனைப் பெரியவர் தம் முதல் கருவியைப் பள்ளிக்குச் செல்லும் பேத்திக்குக் கொடுத்தார். இரு கண் கருவி ஒன்றைத் தவணையில் வாங்கினார். பழைய கடிகாரம் ஒன்றிலிருந்து அச்சை எடுத்துப் பொருத்தி, கூலி பெறாமல் பம்பாய்க்கு அனுப்பினார். கடிகாரம் ஓடத் தொடங்கிய செய்தி ஓர் அஞ்சலட்டையில் வந்தது. அந்த அட்டையை அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். அதைப் படிக்க அவருக்கு எந்த வில்லையும் தேவைப்படவில்லை, மனப்பாடமாகிவிட்டிருந்தது.