ஒத்து ஊதியவர்கள்

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் கொடியேற்றத்தை இக்கரையோரத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் றபான் தட்டிப் பாடும் பக்கீர் பாவாக்களைச் சுற்றிச் சனம் கூடும். ஒருவர் முன்னின்று பாடுவார். மற்றவர்கள் அடியைத் தளம்பாமல் பிடித்துக்கொண்டு, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஈற்றடியை ஏந்திக்கொள்வார்கள். பாட்டு முடிந்ததும் "என்ன குரல்!" என்று முன்னின்றவரைப் புகழ்ந்தபடி நாம் வீடு திரும்புவோம். அடி பிடித்தவர் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை.

வானொலியிலும் இதுவே நடந்தது. பாடலுக்கு முன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் ஆகிய விபரங்களைச் சொல்வதை இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் ஒரு நல்ல மரபாகவே வளர்த்தார்கள். ஆயினும், வாசித்தவரின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் என்ற பொப்பிசைப் பெயர்கள் இன்றும் எம் நாவில் நிற்கின்றன. அவர்களுக்குப் பின்னால் பேஸ் கிற்றார் பிடித்து நின்றவரின் பெயரை எம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

இன்றைய உரை அந்தப் பேஸ் கிற்றார்காரரைப் பற்றியது. குறிப்பாக, பேர்போன பழைய ரொக் இசைக்குழுக்கள் பிணக்குப்பட்டுப் பிரிந்தபோது அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றியது. இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. பக்கத்தில் நின்று தாங்கியவனை மறப்பதற்கு எமது மொழியே எம்மைப் பழக்கி வைத்திருக்கிறது.

தமிழில் வழங்கும் ஏச்சுக்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சொந்தப் புத்தி இல்லாமல் பிறருக்கு ஆமாம் போடுகிறவனை "ஒத்து ஊதுகிறான்" என்கிறோம். "பின்பாட்டுப் பாடுகிறான்" என்கிறோம். "தாளம் போடுகிறான்", "ஜால்ரா அடிக்கிறான்" என்றும் சொல்கிறோம். இந்த நான்கும் இசையரங்கிலிருந்து வந்தவை. நான்கும் பக்கத்தில் நின்று உதவியவனின் தொழில்கள். முன்னால் நின்றவனின் தொழிலை நாம் இப்படி ஏச்சாக்கவில்லை. நாதஸ்வரத்தின் பக்கத்தில் ஒத்து என்ற குழல் இடைவிடாமல் சுருதியை ஊதி நிற்கும். வித்துவான் எத்தனை தூரம் பறந்தாலும் திரும்பி வந்து இறங்கும் கிளை அதுதான். அந்தக் கிளைக்கு நாம் கொடுத்த மரியாதை, அதன் பெயரை வசையாக்கியது.

ஒத்து ஒரே சுருதியில் நிற்கும். பேஸ் கிற்றார் நடக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அது. 1951 இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் மின்சாரப் பேஸ் கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னர், ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய டபிள் பேஸ்தான் அந்த வேலையைச் செய்தது. பேஸ் கிற்றாருக்கு வழக்கமாக நான்கு தந்திகள். சாதாரண கிற்றாரின் கீழ்த் தந்திகள் நான்கிலும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து அவை ஒலிக்கும். தாளத்துக்கும் இராகத்துக்கும் இடையில் நின்று இரண்டையும் கட்டுவது அதன் கடமை. மேலே பாடகர் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே பேஸ் ஒரு படி இறங்குகிறது. பாடகர் எதையுமே மாற்றவில்லை. கேட்பவருக்கோ மகிழ்ச்சியாக இருந்தது துயரமாகிவிடுகிறது. கரைவலை இழுப்பவர்களுக்கு இது விளங்கும். கடலின் மேல் மிதவைகள் கண்ணுக்குத் தெரியும். வலையை நிமிர்த்தி நிறுத்துவதற்கு அடியில் ஈயக் குண்டுகளும் வேண்டும்; அவை தெரிவதில்லை.

அது காதில் விழாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேஸ் கிற்றாரின் ஆகக் கீழ்த் தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அத்தனை தாழ்ந்த ஒலியை ஒரு சிறிய திரான்சிஸ்டர் வானொலியின் ஒலிபெருக்கியால் எழுப்ப முடியாது. குரல் வந்தது, வயலின் வந்தது, புல்லாங்குழல் வந்தது. அடியில் நடந்தவர் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே நின்றுவிட்டார். கசற் காலத்தில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் கலியாண வீடுகளுக்கு வந்தபோதுதான், எமக்குத் தெரிந்த பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்ததை நாம் உணர்ந்தோம்.

இனி, பிணக்குகளுக்கு வருவோம்.

பீற்றில்ஸ் குழுவில் முதலில் பேஸ் வாசித்தவர் ஸ்டுவர்ட் சட்கிளிஃப் என்ற ஓவிய மாணவர். 1961 இல் அவர் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் தங்கிவிட, அவருடைய இடத்தை நிரப்ப ஏனையோர் முண்டியடிக்கவில்லை. கடைசியில் அது போல் மக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. வேண்டாவெறுப்பாக ஏற்ற அந்த வேலையை அவர் தனி இராகம் போல ஓடும் கலையாக்கினார். 1970 டிசம்பர் 31 ஆம் திகதி, குழுவின் கூட்டுரிமையைக் கலைக்கக் கோரி இலண்டன் மேல் நீதிமன்றத்துக்குப் போனவரும் அவரே. மக்கார்ட்னி - லெனன் பிணக்கைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்துக்குப் போதும். அவற்றிலே அவர் பாடகர், பாட்டுக் கட்டியவர். பேஸ்காரர் என்ற முகம் கடைசியில்தான் வருகிறது.

பிங்க் ஃபுளொய்ட் குழுவின் கதை இலக்கிய நேயர்களுக்கு இன்னும் நெருக்கமானது. அதன் பேஸ்காரரான ரொஜர் வோட்டர்ஸ்தான் 1973 இல் வெளிவந்த "த டார்க் சைட் ஒஃப் த மூன்" இசைத்தட்டின் பாடல் வரிகள் முழுவதையும் எழுதியவர். 1985 இல் அவர் விலகினார். 1986 இல் குழுவின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று வழக்கிட்டார். 1987 டிசம்பரில் இணக்கம் ஏற்பட்டது. டேவிட் கில்மோரும் நிக் மேசனும் அந்தப் பெயரோடு தொடர்ந்தனர். பேஸ் வாசிக்க வேறு ஆட்களைப் பிடிக்க முடிந்தது. ஆனால், சொல்லுக்கும் வெளியே ஆள் தேட வேண்டியதாயிற்று.

பிளாக் சபாத் குழுவிலும் இதே விசித்திரம். மேடையில் கூத்தாடிய ஒஸி ஒஸ்போர்னின் வாயிலிருந்து வந்த சொற்களில் பெரும்பாலானவை, ஓரத்தில் நின்று பேஸ் வாசித்த கீஸர் பட்லர் எழுதியவை. 2009 இல் குழுவின் பெயர் யாருக்கு என்று வழக்கு எழுந்தபோது அது பாடகர் ஒஸிக்கும் கிற்றார்காரர் ரொனி ஐயோமிக்கும் இடையிலான வழக்காகவே இருந்தது. அடுத்த ஆண்டு அது சமாதானமாக முடிந்தது. 2025 ஜூலை 5 ஆம் திகதி பேர்மிங்ஹாமில் ஆதி உறுப்பினர் நால்வரும் கடைசி முறையாக ஒன்றாக மேடையேறினர். ஒஸி அம்மாதம் 22 ஆம் திகதி காலமானார். உலகம் ஒரு குரலை இழந்ததாக அஞ்சலிகள் எழுதின. அந்தக் குரலுக்கு வார்த்தை கொடுத்தவர் அப்போதும் ஓரத்திலேயே நின்றார்.

ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் பில் வைமன் 1962 டிசம்பரில் சேர்ந்து முப்பது ஆண்டுகள் அசையாமல் நின்று பேஸ் வாசித்தவர். முன்னால் இருவர் கோபித்தும் கூடியும் செய்தித்தாள்களை நிரப்பிக்கொண்டிருக்க, இவர் நாட்குறிப்பு எழுதினார். துண்டுப் பிரசுரங்களையும் கணக்குகளையும் சேர்த்து வைத்தார். 1990 இல் "ஸ்ரோன் அலோன்" என்ற நூல் பிறந்தது அந்தச் சேகரத்திலிருந்துதான். வாயாடாமல் நின்றவரே குழுவின் வரலாற்றாசிரியரானார். 1993 இல் அவர் விலகிய செய்தி வந்தது. அவருடைய இடத்துக்கு வந்த டரில் ஜோன்ஸ் அன்றிலிருந்து வாசிக்கிறார். ஆயினும், குழுவின் உறுப்பினராக அவர் சேர்க்கப்படவில்லை. கூலிக்கு வாசிப்பவராகவே முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டார்.

பேஸ் வாசித்தோர் எல்லாரும் சாந்த சொரூபிகள் என்று நான் வாதிடவில்லை. வோட்டர்ஸும் மக்கார்ட்னியும் வழக்காடியவர்களே. நான் சொல்வது வேறு. பிணக்கு வரும்போது வரலாறு உரத்துப் பேசுகிறவர்களை எண்ணுகிறது. கணக்கில் விழாதவரின் பங்கு, அவர் இல்லாமற் போன பிறகே தெரிகிறது. சிலருக்கு அப்போதும் தெரிவதில்லை.

அமெரிக்காவின் தென் கரோலினாக் கரையோரத்தில் 1936 இல் பிறந்த ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்கொள்வோம். டெட்ரொயிட் நகரின் மோட்டவுன் இசை நிறுவனத்தின் புகழ்பெற்ற பாடல்கள் எத்தனையோவற்றுக்கு அடித்தளம் இட்டவர் அவர். வலக்கையின் ஒரே விரலால் தந்தியைச் சுண்டி வாசித்தவர். பாடகர்களின் படங்கள் உறையில் வந்தன. அவருடைய பெயர் நெடுங்காலம் எங்கும் வரவில்லை. 1971 இல் மார்வின் கேயின் "வட்ஸ் கோயிங் ஒன்" இசைத்தட்டின் உறையில்தான் வாசித்தவர்களின் பெயர்கள் அச்சாயின. 1983 இல் மோட்டவுனின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டபோது, ஜேமர்சன் தன் காசில் சீட்டு வாங்கி மேல்மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியோர் பதிந்திருக்கிறார்கள். கீழே மேடையில் பாடப்பட்டவற்றுள் அவர் வாசித்த பாடல்களும் இருந்தன. அந்த ஆண்டு ஓகஸ்ட் 2 ஆம் திகதி அவர் இறந்தார். ரொக் இசையின் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000 இல். அவர் கேட்க முடியாத கைதட்டல் அது.

எமது தமிழ்ப் புறத்தில் என்ன நிலை? 1976 இல் "அன்னக்கிளி" மூலம் வந்த இளையராஜா, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைத் தாமே சுரக் குறிப்பாக எழுதிக் கொடுப்பவர். அவருடைய பாடல்களில் பேஸ் கிற்றார் குரலுக்குக் கீழே தனி வழியில் நடப்பதை ஊன்றிக் கேட்போர் அறிவர். எழுதியவரை அறிவோம், வாசித்த விரல்களுக்கு உரியவரைத் தேடித்தான் அறிய வேண்டும். 1992 இல் "ரோஜா"வோடு வந்த ஏ. ஆர். ரஹ்மான் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களைக் கசற், இறுவட்டு உறைகளில் அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கினார். கீத் பீற்றர்ஸ் என்ற பேஸ் கலைஞரின் பெயர் சாதாரண இரசிகனுக்கும் எட்டியது அப்படித்தான்.

2017 மார்ச்சில், தமது பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு இளையராஜாவின் தரப்பிலிருந்து சட்ட அறிவித்தல் போனது. பாட்டு யாருடையது என்று தமிழுலகம் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. இசையமைத்தவருக்கு என்றனர் சிலர். பாடியவருக்கும் பங்குண்டு என்றனர் சிலர். காசு போட்ட தயாரிப்பாளருக்கு என்றனர் வேறு சிலர். வாசித்தவன் என்ற சொல் அந்த இரைச்சலில் கேட்கவேயில்லை. 2019 ஜூனில் சென்னை மேடையில் இருவரும் மீண்டும் ஒன்றாக நின்றபோது எல்லாரும் மகிழ்ந்தோம். அந்த மேடையிலும் பின்னால் ஒருவர் பேஸ் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

பெயர் என்பது வெறும் புகழ்ச்சி அன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு விதி உண்டு. திரைப்படம் ஒன்றில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவருடைய பெயர் எங்கும் குறிப்பிடப்படாமலும் இருந்தால், அவர் நிகழ்த்துக் கலைஞர் என்ற கணக்கில் சேர மாட்டார். தம் பங்களிப்பைச் சிதைப்பதற்கு எதிரான ஓர் உரிமை மட்டுமே அவருக்கு மிஞ்சுகிறது. பெயர் ஏறாதவனுக்கு உரிமை ஏறுவதிலும் தடை வருகிறது என்பதே இதன் சாரம். எமது நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துவோரின் உரிமையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால், யார் நிகழ்த்தினார் என்று எழுதி வைக்காத ஊரில் சட்டம் யாருக்கு உதவும்?

இக்கரையோரத்துக்கு அந்தக் கேள்வி இன்னும் கனமானது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் புகுந்தபோது உயிர்களோடும் வீடுகளோடும் அலுமாரிகளில் இருந்த ஒளிப்படங்களும் ஒலிநாடாக்களும் போயின. கலியாண வீடுகளிலும் பாடசாலை மேடைகளிலும் வாசித்தவர்கள் யார் என்பதற்கு இன்று எஞ்சியிருக்கும் ஏடு, வயதானவர்களின் ஞாபகம் மாத்திரமே. அந்த ஏடும் ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது.

ஆகவே, நேயர்களே, உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒரு காலத்தில் பாடிப் பேரெடுத்த பெரியவர் ஒருவர் இருப்பார். அடுத்த முறை அவரைக் காணும்போது அவருடைய பாட்டைக் கேட்ட பிறகு, "உங்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவர் யார்?" என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் யோசித்து ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வைமன் செய்தது அதுதான்.