ஒரு பட்டனைப் பிடுங்கிய கதை

1950களில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்த எல்டொராடோ கோபால்ட் கருவி கனடாவில் செய்தது. அதே கனடாவின் அரசு நிறுவனம் ஏ.இ.சி.எல். 1980களில் விற்ற கதிர்வீச்சுக் கருவிதான் தெராக்-25. இந்தக் கதை வேறு மாதிரி.

பழைய தெராக்-20ல் ஆபத்தைத் தடுக்க தனி மின்பூட்டுகள் இருந்தன. புதியதில் அவற்றை விட்டுவிட்டு சாஃப்ட்வேரை நம்பினார்கள். (செலவு மிச்சம் என்றுதான் காமர்ஸ் படிக்கிற எனக்குத் தோணுது!)

1986 மார்ச் 21, டெக்சாஸில் டைலர் நகரம். ஆபரேட்டர் தப்பாக அடித்த 'எக்ஸ்' எழுத்தை, மேல் அம்புக்குறி பட்டனால் போய் 'இ' என்று திருத்தினார். திரையில் 'மால்ஃபங்ஷன் 54'. வழக்கமாக வரும் கோளாறுதானே என்று மறுபடி இயக்கினார். உள்ளே நோயாளி அலறியது கேட்கவில்லை. அன்றைக்கென்று ஆடியோ பழுது, கேமரா மானிட்டருக்கு இணைப்பே கொடுக்கவில்லை.

அளவு மீற வாய்ப்பே இல்லை என்றது நிறுவனம். ஏப்ரல் 11ல் இன்னொருவர். இருவருமே அந்த ஆண்டே இறந்தார்கள். மருத்துவமனை இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகரும் ஆபரேட்டரும் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்: 8 நொடிக்குள் திருத்தினால் கோளாறு.

நிறுவனம் சொன்ன முதல் வைத்தியம் என்ன தெரியுமா? அந்த அம்புக்குறி பட்டனைப் பிடுங்கிவிட்டு டேப் ஒட்டுங்கள்! இது போதாது என்று மே 2ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கருவியைக் குறையுள்ளதாக அறிவித்தது. 1987 ஜனவரியில் யாக்கிமாவில் வேறொரு பிழையால் 6வது விபத்து. பிப்ரவரியில்தான் வழக்கமான சிகிச்சையை நிறுத்தச் சொன்னார்கள். விற்றதே மொத்தம் 11 கருவிகள்.

நம் நாட்டில் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்தது 2020 ஏப்ரல் 1ல்.